சோறும் ஸ்வரமும்

விஜயநகரம் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே கல் தேரையும் துங்கபத்திரையையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அது ஹம்பி. நான் போனது வட ஆந்திரத்தில், விசாகப்பட்டினத்தைத் தாண்டி ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் விஜயநகரம். சென்னையில் ஹவுரா மெயிலில் ஏறிப் படுத்தால், விடிவதற்குள் கோதாவரிப் பாலம் தடதடத்து எழுப்பிவிடும். விசாகப்பட்டினத்தில் எஞ்சினைக் கழற்றிக்கொண்டுபோய் ரயிலின் மறுமுனையில் மாட்டுகிறார்கள். அதுவரை முகம் பார்க்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் அதற்கப்புறம் முதுகுப் பக்கமாகப் போக வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் எதிர் இருக்கைப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். பெர்ஹாம்பூர் போகிறவர். விஜயநகரத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டார். சங்கீதக் கல்லூரியைப் பார்க்க என்றேன். “சுசீலம்மா படித்த காலேஜா?” என்றார்.

அதுதான். பி. சுசீலாவின் தமிழ் உச்சரிப்பைப் பற்றி நம் ஊரில் பேசாத மேடை இல்லை. லகரமும் ழகரமும் அவர் நாவில் எப்படி விழுகின்றன என்று வியக்காத பட்டிமன்ற நடுவர் இல்லை. ஆனால் அந்தக் குரல் எந்த ஊரில், எந்தத் திண்ணையில், யாரிடம் ஸரளி வரிசை பாடியது என்று நாம் கேட்டதில்லை. தஞ்சாவூரைத் தாண்டி சங்கீதத்துக்கு ஒரு பூகோளம் உண்டு என்பதே நமக்குக் கொஞ்சம் சங்கடமான செய்தி. தியாகராஜர் தெலுங்கில் பாடினார் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் அவர் திருவையாற்றுக்காரர் என்று உடனே சேர்த்துச் சொல்லிவிடுவோம்.

விஜயநகரம் பெரிய ஊர் இல்லை. ஊரின் நடுவில் மணிக்கூண்டு. அதைத் தாண்டினால் ‘மூடு லாந்தர்லு’, மூன்று லாந்தர் என்று பெயர் பெற்ற நாற்சந்தி. பக்கத்தில் பைடிதல்லி அம்மன் கோயில். தசராவுக்கு அடுத்து வரும் சிரிமானு திருவிழாவில் நெடிய மரத்தின் உச்சியில் பூசாரியை உட்காரவைத்து, அந்த மரம் வானில் சாய்ந்தபடியே தெருவில் ஊர்வலம் வருமாம். நான் போனது அந்தக் காலம் இல்லை. நான் கண்டது வெயிலும் ஆட்டோவும் பெசரட்டுக் கடையும்தான். கோட்டை 1713இல் கட்டியது. கனத்த சுவர், அகழி, உள்ளே கல்லூரிகள். பூசபாடி வம்சத்து அரசர்கள் கடைசியில் தங்கள் கோட்டையைப் படிப்புக்கே விட்டுவிட்டார்கள். எத்தனையோ கோட்டைகள் ஹோட்டல்களாகிவிட்ட நாட்டில் இதைச் சொல்லத்தான் வேண்டும். கோட்டைக்குச் சற்றுத் தள்ளி குரஜாட அப்பாராவின் வீடு. ‘கன்யாசுல்கம்’ நாடகம் 1892இல் இந்த ஊரில்தான் மேடை ஏறியது. அந்த நாடகத்தின் வக்கீல்களையும் வெட்டிப்பேச்சுக்காரர்களையும் போன்றவர்கள் இப்போதும் மணிக்கூண்டடியில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

கிரிக்கெட் பைத்தியங்களுக்கு இந்த வம்சம் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். 1936இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்து, லாலா அமர்நாத்தைப் பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்பிய ‘விஸ்ஸி’ இந்த வீட்டுப் பிள்ளை. மட்டையைவிடச் செல்வாக்கால் அணிக்குள் வந்தவர் என்ற பேச்சு இன்றுவரை அவரை விடவில்லை. அவருடைய தந்தை மகாராஜா விஜயராம கஜபதி ராஜு. 1919 பிப்ரவரி 5ஆம் நாள் விஜயராம கான பாடசாலையைத் தொடங்கியவர். மகனைப் பற்றி எழுதியவர்களில் கால்வாசிப் பேர் தந்தையைப் பற்றி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பள்ளி பிறந்த கதையை ஊரில் இப்படிச் சொல்கிறார்கள். அரண்மனை அதிகாரி ஒருவருக்குப் பார்வையில்லாத மகன். பையனுக்குப் பாட்டில் நாட்டம். வெளியூருக்கு அனுப்பிச் சங்கீதம் படிக்கவைக்க உதவி வேண்டும் என்று தகப்பனார் ராஜாவிடம் கேட்டாராம். ஒரு பையனை எங்கேயோ அனுப்புவதற்குப் பதிலாக இங்கேயே ஒரு பள்ளி வைத்தால் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கலாமே என்றாராம் ராஜா. கதைகளுக்குரிய மெருகு இதற்கும் ஏறியிருக்கும். ஆனால் அன்று சங்கீதம் கற்ற விதத்தை நினைத்தால், அந்தப் பதிலின் கனம் தெரியும். வித்வான் வீட்டில் பிறக்க வேண்டும். இல்லாவிட்டால் வித்வான் வீட்டில் விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, அவர் மனம் கனியும்வரை காத்திருக்க வேண்டும். கண் தெரியாத பிள்ளையை அந்த வேலைக்கு யார் சேர்த்துக்கொள்வார்கள்? மணி அடித்தால் வகுப்பு, வகுப்பில் யாரும் உட்காரலாம் என்ற ஏற்பாடு அவனைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் தேவைப்பட்டது.

இந்த எண்ணம் இந்தியாவில் அப்போது புதிதல்ல. பரோடாவில் மௌலா பக்ஷ் 1886லேயே பாட்டுப் பள்ளி நடத்தினார். விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் 1901இல் லாகூரில் காந்தர்வ மகா வித்யாலயத்தைத் தொடங்கினார். ஆனால் தெற்கே? ராஜா அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி வைத்தது 1929இல். சென்னை மியூசிக் அகாடமியின் ஆசிரியர் கல்லூரி 1931. விஜயநகரம் இவற்றுக்குப் பத்தாண்டு மூத்தது. அன்றைக்கு இந்த ஊரும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது.

முதல் தலைவராக ராஜா தேர்ந்தெடுத்த ஆளைப் பார்த்தால் அவருக்கு ரசனையோடு துணிச்சலும் இருந்தது தெரிகிறது. ஆதிபட்ல நாராயண தாசு. 1864இல் பிறந்தவர்; ஆந்திர ஹரிகதையின் பிதாமகர். காலில் சலங்கை, கையில் சிப்ளா, நெடிய உருவம், தொலைதூரம் கேட்கும் குரல். இரு கை, இரு கால், தலை என ஐந்துக்கும் ஐந்து தாளங்களைப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் போடுவாராம். அதனால் ‘பஞ்சமுகி பரமேஸ்வர’ என்று பட்டம். இதை வெறும் வித்தை என்று தள்ளிவிட்டாலும், அவருடைய படிப்பைத் தள்ள முடியாது. உமர் கய்யாமின் ருபாயத்தைப் பாரசீக மூலத்தையும் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சம்ஸ்கிருதத்திலும் வடமொழி கலவாத அச்ச தெலுங்கிலும் பெயர்த்தவர். கதை சொல்லி, ஆடி, பாடி, வீணையும் வாசித்த ஒரு மனிதரை நிர்வாகப் பதவியில் உட்காரவைப்பது இன்று எந்தத் தேர்வுக்குழுவுக்கும் தோன்றாது.

அவருடைய கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1883இல் சென்னையிலிருந்து குப்புசாமி நாயுடு என்ற பாகவதர் விஜயநகரத்துக்கு வந்து ஹரிகதை செய்தார். கூட்டத்தில் இருந்த பத்தொன்பது வயது நாராயண தாசுவுக்கு, இனி தன் வழி இதுதான் என்று அன்றே பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு துருவ சரித்திரத்தை எழுதி அரங்கேறிவிட்டார். தஞ்சை மராட்டியர் அவைகளில் வளர்ந்த கதாகாலட்சேபம் சென்னை வழியாக வடக்கே போய்ச் சலங்கை கட்டிக்கொண்டது என்று சொல்லலாம். அந்தப் பாகவதர் பெயரை நாம் மறந்துவிட்டோம். விஜயநகரத்தில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

தாசுவின் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்காகவே இந்தக் கல்லூரிக்குப் போகலாம். துவாரம் வேங்கடசாமி நாயுடு 1893இல் பெங்களூரில், தீபாவளி நாளில் பிறந்து, விசாகப்பட்டினத்தில் வளர்ந்தவர். கண்பார்வை மங்கல். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை, படிப்பு நின்றது. வீட்டில் அண்ணன் வேங்கடகிருஷ்ணையா வயலின் சொல்லிக் கொடுத்தார். மீதியைத் தானே வாசித்து வாசித்துக் கண்டுபிடித்துக்கொண்டார். 1919இல் விஜயநகரத்தில் பள்ளி திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாணவராகச் சேரத்தான் வந்தாராம். தாசு வாசிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும், உனக்குச் சொல்லித்தர இங்கே யாரும் இல்லை, நீ சொல்லிக்கொடு என்று வயலின் ஆசிரியராக்கிவிட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. பேச்சுவார்த்தை அப்படியே நடந்ததோ இல்லையோ, இருபத்தாறு வயதில் அவர் இங்கே வயலின் பேராசிரியரானது உண்மை. 1936இல் தாசுவுக்குப் பின் முதல்வரும் ஆனார்.

ஒரு கணம் இதை நம் காலத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கையில் சான்றிதழ் இல்லை. பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. குருபரம்பரை என்று சொல்லிக்கொள்ள அண்ணன் மட்டும். விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே துவாரம் வெளியே போயிருப்பார். கல்லூரி முறை வந்ததால் சங்கீதம் கெட்டது என்று குருகுலவாசிகள் சொல்வார்கள். குருகுலத்தில் அடிமைத்தனம் இருந்தது என்று கல்லூரிக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு பேருமே விஜயநகரத்தின் ஆரம்ப ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். கதவு கல்லூரியினுடையதாக, எல்லாருக்கும் திறந்ததாக இருந்தது. உள்ளே யாரை உட்காரவைப்பது என்பதை மட்டும் ஒரு வித்வானின் காது தீர்மானித்தது. அந்தச் சேர்க்கை நீண்ட நாள் நிலைக்கவில்லை, நிலைக்கவும் முடியாதுதான். எல்லாத் தலைவருக்கும் தாசுவின் காது இருக்கும் என்று நம்பி ஒரு சட்டம் எழுத முடியாது.

கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, மைசூர் சௌடையா, துவாரம் மூவரையும் வயலின் மும்மூர்த்திகள் என்று நம் தாத்தாக்கள் சொன்னார்கள். சௌடையா ஏழு தந்தி மாட்டி ஓசையைப் பெருக்கினார். துவாரம் நான்கே தந்தியில், நீண்ட வில்லில், ஓசையை மெருகேற்றினார். பக்கவாத்தியமாக மட்டும் இருந்த வயலினைத் தனிக் கச்சேரிக்கு முன்னால் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1938இல் வேலூரில் அவர் தனியாக வாசித்ததை அதன் தொடக்கம் என்று குறிப்பிடுவார்கள். 1941இல் சங்கீத கலாநிதி. 1952இல் யெஹுதி மெனுஹின் சென்னை வந்தபோது நீதிபதி ராஜமன்னார் வீட்டில் துவாரத்தைக் கேட்டார். உலகமெல்லாம் வாசித்த வயலின்காரர் கேட்டு ரசித்தது கரும்பலகை தெரியாமல் பள்ளியை விட்டுப் போன ஒரு பையனை.

கல்லூரிக்கு நான் போனபோது முற்பகல். இப்போது அதன் பெயர் மகாராஜா அரசு இசை நடனக் கல்லூரி. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் வருமானம் போனால் ஜமீன் பள்ளி என்ன ஆகும்? அரசு எடுத்துக்கொண்டதால் பிழைத்தது. அதற்குரிய விலையும் கொடுத்தது: மின்விசிறிச் சத்தம், பதிவேடுகள், நிரம்பாத பணியிடங்களைப் பற்றிய பேச்சு. அரசுக் கல்லூரி என்றாலே வரும் வாசனை ஒன்று உண்டே, கோப்பும் பினாயிலும் கலந்தது, அது இங்கேயும் உண்டு. ஆனால் வராந்தாவில் நடந்தால் ஒரு அறையில் வீணை, அடுத்ததில் மிருதங்கச் சொற்கட்டு, அதற்கடுத்ததில் சின்னஞ்சிறுமிகள் மாயாமாளவகௌளையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். நான்கு சுருதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இத்தனை இரைச்சலுக்கு நடுவில் தன் சுருதியை மட்டும் காதில் வைத்துக்கொள்ளப் பழகுவதே பெரிய பயிற்சியாக இருக்க வேண்டும்.

நான்கு ஆண்டு சான்றிதழ்ப் படிப்பு, அதன்மேல் இரண்டு ஆண்டு டிப்ளமா. மாணவர்களில் பலர் பகலில் வேறு கல்லூரியில் படிக்கிறவர்கள், அல்லது ஏதாவது வேலையில் இருக்கிறவர்கள். வாய்ப்பாட்டு ஆசிரியர் ஒருவர் என்னை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். சென்னையிலிருந்து வந்தேன் என்றதும் டிசம்பர் சீசனைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, உங்கள் ஊரில் மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றனவாமே, அங்கே படித்து வருகிற பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறதா என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: கோயிலில் சிலருக்கு, பள்ளியில் சிலருக்கு, மற்றவர்களுக்குக் கல்யாண வீடுகளில். அவர் தலையாட்டினார். இங்கேயும் அதேதான் என்றார். மேடைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பள்ளியை அளக்க அது சரியான கோல் இல்லை. அறிவியல் படித்தவர்கள் எல்லாரும் விஞ்ஞானி ஆனார்களா என்று யாரும் கேட்பதில்லை. சங்கீதம் படித்தவனிடம் மட்டும் கச்சேரி எங்கே என்று கேட்கிறோம்.

சுவரில் தாசுவும் துவாரமும் படங்களாக இருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு ஆசிரியர்கள் முதலில் சொல்லும் கதை மட்டும் கண்டசாலாவுடையது.

கண்டசாலா வேங்கடேஸ்வர ராவ் 1922இல் கிருஷ்ணா மாவட்டத்துச் சௌடபள்ளியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். பாட்டுப் படித்தே தீருவது என்று பதின்ம வயதில் விரலில் கிடந்த மோதிரத்தை விற்று விஜயநகரம் வந்து சேர்ந்தார். வந்த நேரம் கோடை விடுமுறை. கல்லூரி பூட்டிக் கிடந்தது. அங்கே வாய்ப்பாட்டு ஆசிரியராக இருந்தவர் பட்ராயனி சீதாராம சாஸ்திரி. சாலூர்க்காரர், ‘சின்ன குருவு’ என்பார்கள். அவர் பையனைத் தன் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சாஸ்திரிக்கும் வசதி கிடையாது. பாடம் கொடுக்க முடிந்தது. மூன்று வேளைச் சோறு கொடுக்க முடியவில்லை.

அப்போது ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஏழை மாணவன் தோளில் ஜோல்னா மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் நிற்பான். வீட்டுக்காரர்கள் ஒரு கவளம் இடுவார்கள். தெலுங்கில் மதுகரம் என்பார்கள். பிராமணப் பிள்ளைகளுக்கு இது கூச்சப்பட வேண்டிய பிச்சையாகக் கருதப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அந்த வாசல்கள் ஒரே மாதிரி திறந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கண்டசாலா அப்படித்தான் சாப்பிட்டார். ஒரு வேளை வாங்கியதில் மிச்சத்தைத் துணியில் கட்டி வைத்தால் அடுத்த வேளைக்குள் எறும்பு மொய்த்துவிடும், தட்டிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். அவருக்கு முதல் கவளம் இட்டவர் ஊரில் புகழ் பெற்றிருந்த நடனக்கார அம்மா ஒருவர் என்றும் ஒரு வழக்கு உண்டு. அது உண்மையானால், சனாதனிகள் வாசலில் ஏற்றத் தயங்கிய ஒரு பெண்மணியின் சோறு தெலுங்குத் திரையிசையின் முதல் சோறு.

அவர் படித்து முடித்தார். 1942இல் விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனார். அப்புறம் சென்னை. தியாகராய நகர் பனகல் பார்க்கில் படுத்து எழுந்து வாய்ப்புத் தேடினார் என்பார்கள்; அந்தப் பூங்காவைச் சுற்றிப் பட்டுப்புடவைக் கூட்டத்தில் நசுங்குகிறவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். ‘தேவதாஸ்’ படத்தின் ‘உலகே மாயம்’, ‘மாயா பஜா’ரின் ‘ஆஹா இன்ப நிலாவினிலே’ என்று தமிழர்கள் தங்கள் பாட்டாகவே எண்ணிக்கொண்டிருக்கும் பாடல்களில் அந்தக் குரல் இருக்கிறது. சற்றுக் கனத்த, முன்னால் தள்ளாத குரல். சோகத்தை ஊற்றிக் கொடுக்காமல் நிதானமாக வைத்துவிட்டு நகர்கிற குரல். சீதாராம சாஸ்திரியின் வீட்டில் படித்ததுதான் அந்த நிதானமோ என்று நான் நினைத்துக்கொள்வேன், நிரூபிக்க வழியில்லை.

சாஸ்திரியின் மகன் பட்ராயனி சங்கீத ராவ். சாஸ்திரி சோறு போட முடியாத பையனுக்குப் பாட்டுக் கொடுத்தார். அந்தப் பையன் பெரிய ஆளானதும் குருவின் மகனைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டான். கண்டசாலா 1974இல் மறையும்வரை சங்கீத ராவ் அவரோடு இருந்தார். வெம்பட்டி சின்ன சத்யத்தின் குச்சிப்புடி அகாடமியில் நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்தவரும் இவரே. நூறு வயது தாண்டி, 2021 ஜூனில் சென்னையில் காலமானார். கொரோனா இரண்டாம் அலையின் நாட்கள் அவை. விஜயநகரத்துப் பழைய தலைமுறையின் பாட்டு நம் ஊரில் அத்தனை காலம் நடமாடிக்கொண்டிருந்தது. எத்தனை தமிழர்கள் போய்ப் பார்த்தோம்?

சுசீலாவின் கதையில் பசி இல்லை. தகப்பனார் முகுந்த ராவ் விஜயநகரத்தில் வக்கீல். மகள் 1935இல் பிறந்தவர். துவாரம் குடும்பத்துப் பாவநாராயண ராவிடம் கல்லூரியில் படித்து டிப்ளமா பெற்றார். கர்நாடக மேடைக்குத்தான் தயாரானார். பெண்டியால நாகேஸ்வர ராவ் புதுக் குரல் தேடியபோது வானொலி வழியாகச் சிக்கினார். ‘பெற்ற தாய்’ படத்தில் ஏ.எம். ராஜாவோடு பாடித் தமிழுக்கு வந்தார். பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை இந்தியாவிலேயே முதலில் வாங்கியவர் அவர்தான், ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்காக. 2016இல் கின்னஸ்காரர்கள் கணக்குப் போட்டு 17,695 பாடல்கள் என்று எழுதிக்கொண்டார்கள். கணக்கைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, அத்தனை பாடல்களிலும் ஸ்வரம் இறங்கும் இடத்தில் ஒரு தடுமாற்றம் கேட்காதது. நான்கு ஆண்டு, இரண்டு ஆண்டு என்று படிப்படியாக ஏற்றிவிட்ட பாடத்திட்டத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. சலித்துப்போகும்வரை அலங்காரம் பாடவைக்கிற ஆசிரியர்கள் கவனிக்க.

நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி 1940இல் இங்கே சேர்ந்து துவாரம் நரசிங்க ராவிடம் வயலினும் பாட்டும் கற்றார். பின்னர் டாக்டர் ஸ்ரீபாத பினாகபாணியிடம் போனார். பினாகபாணி மருத்துவர், சென்னையில் ரங்கராமானுஜ ஐயங்காரிடம் கற்றுத் தஞ்சை பாணியை ஆந்திரத்துக்கு எடுத்துப் போனவர். அந்த வழியில் வந்த நேதுநூரிதான் அன்னமய்யாவின் ‘நானாட்டி பதுகு’வுக்கு ரேவதியில் மெட்டமைத்தவர். எம்.எஸ். பாடி நம் வீட்டுப் பூஜையறைவரை வந்துவிட்ட அந்தப் பாட்டு, காவிரிக் கரையிலிருந்து வடக்கே போய்த் திரும்பி வந்திருக்கிறது.

மறுநாள் பொப்பிலி போனேன். ராய்ப்பூர் போகும் தடத்தில், 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஊருக்கும் பழைய ரத்தப் பகை உண்டு. 1757 ஜனவரியில் விஜயநகர ராஜா, புஸ்ஸியின் பிரெஞ்சுப் பீரங்கிகளைக் கூட்டிக்கொண்டு பொப்பிலிக் கோட்டையை அழித்தார். கோட்டைக்குள் பெண்களும் பிள்ளைகளும் மாண்டார்கள். பழிவாங்கத் தாண்ட்ர பாப்பாராயுடு இரவில் கூடாரத்துக்குள் புகுந்து ராஜாவைக் குத்திக் கொன்றான். தெலுங்கு நாட்டில் இன்றும் பாட்டாகப் பாடுகிற கதை. பைடிதல்லி அம்மன் அந்த ராஜாவின் தங்கை என்பது விஜயநகரத்து நம்பிக்கை. ஆனால் வீணை வேண்டுமென்றால் விஜயநகரத்துக்காரன் பொப்பிலிக்குத்தான் போயாக வேண்டும்.

பொப்பிலியை ஒட்டிய கொல்லபள்ளியில் வீணை செய்கிறார்கள். குடம், தண்டி, யாளி முகம்வரை ஒரே பலாக் கட்டையில் குடைந்தெடுப்பதுதான் இவர்கள் பெருமை. ஒட்டுப் போட்டால் நாதம் அங்கே தடுக்கி விழும் என்கிறார்கள். தஞ்சாவூரிலும் பலாதான், அங்கேயும் ஒரே கட்டையில் குடைந்த ஏகாந்த வீணை உண்டு. எது உயர்த்தி என்று இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே அறையில் வைத்துக் கேட்கக் கூடாது. பட்டறையில் பலாச் சீவல் முழங்கால்வரை கிடந்தது. வாசனை இனிப்பாக இருந்தது. ஆனால் பலகைகளில் வரிசையாக நின்றவை முழங்கை நீளம்கூட இல்லாத அலங்கார வீணைகள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து அமைச்சர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் கொடுப்பதற்கானவை. தந்தி உண்டு, மீட்டினால் பாடாது. எனக்கு முகம் சுளித்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் முழு வீணை ஒன்று மெழுகும் மெட்டும் ஏறாமல் கிடந்தது. சங்கீதக் கல்லூரிப் பெண் ஒருத்திக்காக, தவணையில் பணம் வருகிறது என்றார்கள்.

பாடாத வீணையை ஏன் இத்தனை செய்கிறீர்கள் என்று கேட்டேன். உளியை நிறுத்தாமலேயே பதில் சொன்னார் பெரியவர்: “அது விற்ற காசில்தான் இதற்குப் பலா மரம் வாங்குகிறோம்.”